பூச்சு காயும்வரை பேசக் கூடாது

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து மூன்றாம் வருஷம் மாசி மாதம் ஐந்தாம் தேதி முதல், வெண்சங்கு சலவைத்தூள் ஆலையில் வேலை பார்க்கும் பெண்களுக்கு நான்கு வகைத் தோல்தான் இருக்கலாம் என்று முடிவாயிற்று. எண்ணெய்ச் சருமம், வறண்ட சருமம், சாதாரணச் சருமம், கலப்புச் சருமம். ஐந்தாவதாக ஒரு தோலை யாராவது வைத்திருந்தால் ஒரு வாரத்துக்குள் நலப் பிரிவில் தெரிவித்து மாற்றிக்கொள்ள வேண்டும்.

இந்த முடிவு சும்மா வந்துவிடவில்லை. ஒரு மனுவிலிருந்து பிறந்தது. கும்மிடிப்பூண்டியிலிருந்து ஏரிக்குப் போகும் ரோட்டில் இருந்தது அந்த ஆலை. அதன் பேக்கிங் கொட்டகையில் மேலே ஒரு தொட்டி. அதிலிருந்து சோடாத்தூள் இறங்கும். கீழே பெண்கள் அதை அட்டைப்பெட்டிகளில் நிரப்புவார்கள். பெட்டிக்குள் போகாத தூள் காற்றில் போகும். கொட்டகைக்கு ஜன்னல் இல்லாததால் காற்றில் போனது திரும்பி வந்து பெண்களின் முகத்தில் உட்காரும். கன்னம் எரிந்தது, உரிந்தது, உதடு வெடித்தது. நாற்பத்திரண்டு பெண்கள் கைநாட்டு வைத்து இரண்டே இரண்டு கேட்டார்கள். வேலை முடிந்ததும் முகம் கழுவ வாசலில் ஒரு தண்ணீர்க் குழாய். தூளை வெளியே தள்ள ஒரு மின்விசிறி.

மேனேஜர் தணிகாசலம் மனுவை நல அதிகாரி பூவராகவனிடம் கொடுத்தார். பூவராகவன் கடமை தவறாதவர். சிவப்புப் பென்சிலை எடுத்துக்கொண்டு மனுவை மூன்று முறை படித்தார். 'முகம்' என்ற சொல் பதினோரு இடத்தில் வந்திருந்தது. 'ஆலை' என்ற சொல் ஒரே இடத்தில், அதுவும் விலாசத்தில். ஆகவே இது ஆலையைப் பற்றிய புகார் அல்ல, முகத்தைப் பற்றிய புகார் என்று ஓரத்தில் எழுதினார். முகம் என்பது தொழிலாளி வீட்டிலிருந்து கொண்டு வருவது. வீட்டிலிருந்து வருவதை வீட்டில்தான் சரிசெய்ய வேண்டும். இப்படிப் பிறந்ததுதான் இல்ல முகப்பூச்சுத் திட்டம்.

கங்கம்மாளுக்கு இது எதுவும் முதலில் புரியவில்லை. அவளுக்கு இருபத்தாறு வயது. ஆலையிலிருந்து இரண்டு மைல் தள்ளி ஏரிக்கரைக் குப்பத்தில் வீடு. புருஷன் அப்பாவு ஏரியில் வலை வீசுகிறவன். கடல் ஏரிக்குள் வரும் வாயை மணல் அடைத்துக்கொண்டதிலிருந்து மூன்று நாளில் இரண்டு நாள் வெறும் வலையோடு வந்தான். இரண்டு வயது மகள் செல்வி. கார்த்திகையில் ஆலையில் சேர்ந்தபோது கங்கம்மாளிடம் ஒன்றுதான் சொல்லியிருந்தார்கள். இருநூற்று நாற்பது நாள் விடாமல் வந்தால் வேலை நிரந்தரம். நிரந்தரமானவர்களுக்கு மாதச் சம்பளம் உண்டு, கம்பெனி டாக்டர் உண்டு. ஆடி மாதம் பாதியில் அந்த நாள் வரும். அதுவரை முகம் எரிந்தால் எரியட்டும் என்றுதான் அவள் இருந்தாள். வலது கண் அடிக்கடி நீர் கொட்டி மங்கியது. அதற்கும் ஆடிதான் மருந்து.

தோல் பரிசோதனை ஒரு திங்கட்கிழமை காலை வாசலில் நடந்தது. பூவராகவன் மேஜை போட்டு உட்கார்ந்து, ஆபீசில் மையொற்றும் தாளை ஒவ்வொருத்தி கன்னத்திலும் அழுத்தி எடுத்தார். எண்ணெய் ஒட்டினால் எண்ணெய்ச் சருமம். ஒட்டாவிட்டால் வறண்டது. ஏற்கெனவே ஒருமுறை உபயோகித்த தாளானதால், கங்கம்மாளின் தோழி கிரேஸ் கன்னத்தில் மேனேஜருடைய கையெழுத்து தலைகீழாகப் பதிந்தது.

"ஐயா, மேனேஜர் என்னெ பர்மனென்ட் பண்ட்டாரு, பாருங்க, கையெழுத்தே போட்டுட்டாரு" என்றாள் கிரேஸ். பெண்கள் சிரித்தார்கள். சாதாரணச் சருமம் என்று எழுதியிருந்ததைப் பூவராகவன் அடித்துவிட்டு, மையை உறிஞ்சிக்கொண்டதால் வறண்ட சருமம் என்று எழுதினார்.

கங்கம்மாள் முறை வந்தது. அவள் காலையில் மஞ்சள் பூசிக் குளித்து வருகிறவள். தாள் மஞ்சளாக வந்தது.

"இது என்னம்மா நிறம்?"

"மஞ்சா சார். பெரியபாளையத்துக் கடையில வாங்குன குண்டு மஞ்சா."

"புத்தகத்துல மஞ்சள் சருமம்னு இல்லையே. சாயங்காலம் வா, மறுபடி எடுக்கணும்."

சாயங்காலம் எட்டு மணி நேரத் தூளோடு வந்து நின்றாள். தாள் சிவப்பாக வந்தது. பூவராகவன் இரண்டு தாளையும் அருகருகே வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"தூளு பட்டா அப்டித்தான் சார் ஆவும்" என்றாள் கங்கம்மாள். "எங்கம்மா சிப்பி பொறுக்கி சுண்ணாம்புக் காளவாய்க்குப் போட்டவங்க. மஞ்சா மேல சுண்ணாம்பு பட்டா செவந்துடும். இந்தத் தூளும் அந்த ஜாதிதான்."

"தூளைப் பத்தி உன்கிட்ட யாரும்மா கேட்டா? தூள் உற்பத்திப் பிரிவு. நான் நலப் பிரிவு" என்று சொல்லிவிட்டு, அவர் அட்டையில் அழகான எழுத்தில் எழுதினார்: காலையில் மஞ்சள், மாலையில் சிவப்பு, எனவே கலப்புச் சருமம்.

அடுத்த வாரம் மேனேஜருடைய மனைவி மெட்ராசிலிருந்து காரில் வந்தார். மகளிர் அழகு நலக் குழுவின் தலைவி அவர்தான். 'இல்லத்தில் எழில் முகம்' என்ற பதினாறு பக்கப் புத்தகத்தைத் தம் கையால் ஒவ்வொருத்திக்கும் கொடுத்தார். எண்ணெய்ச் சருமத்துக்குக் கடலை மாவும் கஸ்தூரி மஞ்சளும் பன்னீரில் குழைத்தது. வறண்டதற்குப் பாலேடும் தேனும். சாதாரணத்துக்குப் பயத்தமாவும் தயிரும். கலப்புக்கு நெற்றியிலும் மூக்கிலும் முதலாவது, கன்னத்தில் இரண்டாவது. வாரம் மூன்று நாள், வேளைக்கு இருபது நிமிஷம்.

"இந்த ஆலை என் வீடு மாதிரி" என்று அவர் பேசினார். "என் கணவர் இதிலேயே மூழ்கிக் கிடக்கிறார். அப்படியும் என் முகத்தைப் பாருங்கள். எரிகிறதா? உரிகிறதா? ஏன் என்று நீங்கள் யோசிக்க வேண்டும். நான் முகப்பூச்சைத் தவறவிடுவதில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்."

"அவங்க ஊடு சேத்துப்பட்டுல கீது" என்று கிரேஸ் கங்கம்மாள் காதில் முணுமுணுத்தாள். "தூளு இன்னா பஸ்ஸு புடிச்சா அங்க போவும்?"

புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் விதிகள் இருந்தன. அவற்றில் ஏழாவது தடித்த எழுத்தில் இருந்தது. பூச்சு காயும்வரை பேசக் கூடாது; பேசினால் பூச்சில் விரிசல் விழும்; விரிசலால் வரும் கேட்டுக்கு அவரவரே பொறுப்பு. புத்தகத்தோடு ஒரு அட்டையும் கொடுத்தார்கள். எந்த நாள் பூசினாள், எப்போது காய்ந்தது, எப்போது கழுவினாள் என்று நிரப்பி, புருஷன் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். அட்டை நிரம்பாதவர்கள் பெயர் நிரந்தரப் பட்டியலில் வராது.

அன்றிலிருந்து கங்கம்மாள் வீட்டில் பால் இரண்டு பங்காயிற்று. செல்விக்கு வாங்குவது ஒரு ஆழாக்கு. அதைக் காய்ச்சி, ஏட்டை வழித்து அம்மா கன்னத்தில் பூச, அடியில் இருக்கும் நீர்ப்பால் குழந்தைக்கு. முதல் நாள் அவள் பூசிக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்தபோது, அப்பாவு வலையைத் தோளில் போட்டபடி உள்ளே வந்தான்.

"இன்னாமே, நாஷ்டாவ மூஞ்சில வச்சிக்கினு குந்திக்கினு கீற?"

கங்கம்மாள் பேசவில்லை. ஏழாவது விதி. கையால் அட்டையைக் காட்டினாள். அவன் அதை வாங்கித் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தான்.

"நா கையெழுத்து போடணுமா? எனக்கு எங்க வரும்? கட்ட வெரல்தான்."

செல்வி தத்தித் தத்தி வந்து அம்மாவின் மடியில் ஏறினாள். கன்னத்தில் இருப்பது என்னவென்று முகர்ந்து பார்த்தாள். பிறகு நாக்கை நீட்டி நக்கத் தொடங்கினாள். ஒரு கன்னம் முடிந்ததும் மறு கன்னத்துக்குப் போனாள். கங்கம்மாள் அவளைத் தள்ளவில்லை. பிளந்த தோலில் குழந்தையின் நாக்கு பட்டபோது எரிந்தது. கண்ணீர் வழிந்தது. ஆனாலும் முகத்தைத் திருப்பாமல் கொடுத்துக்கொண்டே இருந்தாள்.

அப்பாவு சிரிப்பை நிறுத்திவிட்டு அருகில் வந்து உட்கார்ந்தான். அவள் முகத்தைக் கையில் ஏந்தி, உரிந்த இடமாகப் பார்த்து மெல்ல ஊதினான்.

"உன் மூஞ்சி இன்னா வகைன்னு அவனுங்க மையொத்துற தாளு வச்சி பாத்தானுங்களாக்கும். என்னெக் கேட்டிருந்தா நா சொல்லிருப்பேன்."

இப்போது கழுவ ஒன்றும் மிச்சமில்லை. பேசலாம். "இன்னா வகையாம்?" என்றாள்.

"என் ஊட்டு வகை."

அட்டையில் 'காய்ந்த நேரம்' என்ற கட்டத்தில் அவன் கட்டை விரலை மையில் தொட்டு அழுத்தினான். இடம் தவறிவிட்டது. மறுநாள் பூவராகவன் அதற்காக ஒரு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்.

பங்குனி போயிற்று, சித்திரை போயிற்று. முகங்கள் தெளியவில்லை. தெளியாததற்கு நலப் பிரிவு மாதம் ஒரு காரணம் கண்டுபிடித்துச் சுற்றறிக்கை விட்டது. பங்குனியில், பெண்கள் பூச்சோடு அடுப்பருகே போகிறார்கள். சித்திரையில், புருஷர்கள் பூச்சு காயும் நேரத்தில் வேடிக்கை பேசி மனைவியரைச் சிரிக்க வைக்கிறார்கள். இனி அந்த இருபது நிமிஷம் கணவன்மார் வீட்டுக்கு வெளியே நிற்க வேண்டும். வைகாசியில், மாரியப்பன் என்ற கடைநிலை ஊழியர் சைக்கிளில் குப்பம் குப்பமாகப் போய், வெளியே நிற்கும் புருஷர்களின் எண்ணிக்கையை எடுத்து வந்தார்.

கங்கம்மாளின் வலது கண் அப்போது பாதி நேரம் மூடியே இருந்தது. ஒருநாள் அவள் துணிந்து நலப் பிரிவுக்குப் போனாள்.

"சார், பாலேடு போட்டுக்கினுதான் கீறேன். எரிச்சல் நிக்கல. வாசல்ல ஒரு கொழா மட்டும் போட்டுக் குடுங்க சார். தூளோட ரெண்டு மைலு நடக்கறதுக்குள்ள தோலு வெந்துபூடுது."

பூவராகவன் நல்ல மனுஷர்தான். அவளை உட்காரச் சொன்னார். பொறுமையாக விளக்கினார்.

"கங்கம்மா, நீ யோசிச்சுப் பாரு. குழாய் போட்டா எல்லாரும் இங்கயே முகம் கழுவிடுவீங்க. கழுவிட்டா எரியாது. எரியலேன்னா வீட்டுல முகப்பூச்சு போடுவீங்களா? ஒரு திட்டத்துக்குப் புத்தகம் அச்சடிச்சு, அட்டை அடிச்சு, குழு அமைச்சு, தலைவியும் போட்ட பிறகு, ஒரு குழாயால அதைக் கெடுக்கலாமா? உன் முகம் உன் சொத்து. கம்பெனி யாரோட சொந்தச் சொத்துலயும் தலையிடறதில்ல. அது எங்க கொள்கை."

அவள் வெளியே வந்து கிரேசிடம் அதை அப்படியே சொன்னாள். கிரேஸ், "பேஜாரா கீதுக்கா" என்றாள். "அந்தாளு நெசமா நம்புறாரு. அதான் பயமா கீது."

ஆடி மாதம் வந்தது. வட்டாரத் தொழிலதிபர் மன்றத்தின் நலக் கேடயத்துக்கு ஆலையின் பெயர் போயிருந்தது. மன்றத் தலைவர் நேரில் பார்வையிட வருகிறார். பன்னிரண்டு பெண்கள், தத்தம் வகைக்குரிய பூச்சை வீட்டிலிருந்து குழைத்து வந்து, பேக்கிங் கொட்டகையில் வரிசையாக உட்கார்ந்து, தலைவர் முன்னிலையில் பூசிக் காட்ட வேண்டும். உற்பத்தி ஒரு நிமிஷமும் நிற்கக் கூடாது; தொட்டி இறங்கிக்கொண்டே இருக்கட்டும். அன்று மாலையே நிரந்தரப் பட்டியல் வாசிக்கப்படும். கங்கம்மாளுக்கு அது இருநூற்று நாற்பதாம் நாள்.

பன்னிரண்டு பேரும் முன்தினம் சாப்பாட்டு வேளையில் கூடிப் பேசினார்கள். பாலேட்டுக்கும் தேனுக்கும் யாரிடமும் காசு இல்லை. கஸ்தூரி மஞ்சளை யாரும் கண்ணால் பார்த்ததே இல்லை. வீட்டில் இருப்பது கடலை மாவும் குளிக்கிற குண்டு மஞ்சளும்தான். அதையே கரைத்துக்கொண்டு வருவோம், வகை எதுவானாலும் கிண்ணத்துக்குள் எட்டிப் பார்க்கவா போகிறார்கள் என்று முடிவு செய்தார்கள். மாதா கோயிலுக்குப் போகும் கிரேஸ் வாழ்நாளில் முகத்துக்கு மஞ்சள் பூசியதில்லை. அவளுக்கும் சேர்த்துக் கங்கம்மாளே இடித்துக் கொண்டுவந்தாள்.

விருந்தினர்கள் கொட்டகைக்குள் வரவில்லை. தூள் ஆகாது என்று, பக்கத்திலிருந்த மேற்பார்வையாளர் அறையில் கண்ணாடிக்குப் பின்னால் நாற்காலி போட்டிருந்தார்கள். அப்படியும் மேனேஜர் மனைவி கைக்குட்டையால் மூக்கை மூடியிருந்தார். பன்னிரண்டு பெண்கள் முக்காலிகளில் உட்கார்ந்தார்கள். ஒவ்வொருத்தி கழுத்திலும் அவள் சருமத்தின் பெயர் எழுதிய அட்டை. பூவராகவன் கையசைத்தார். பூசினார்கள். மேலே தொட்டி திறந்தது.

ஐந்து நிமிஷம் போயிற்று. முதலில் நெற்றிகள் மாறின. தூள் மேலிருந்து விழுவதால் அங்கேதான் முதலில் படும். மஞ்சள் முதலில் காவியாயிற்று, பிறகு செங்கல் நிறம். மூக்கின் நுனி, கன்ன மேடு, மேலுதடு என்று இறங்கியது. பத்தாவது நிமிஷத்தில் எண்ணெய், வறண்ட, சாதாரண, கலப்புச் சருமங்கள் எல்லாம் ஒரே நிறத்தில் இருந்தன. கங்கம்மாள் ஒரு கண்ணால் பக்கத்தில் கிரேசைப் பார்த்தாள். கிரேசின் முகம் ஆரத்தித் தட்டு போலச் சிவந்திருந்தது. தோல் வேறு, பழக்கம் வேறு, சாமி வேறு. தூள் ஒன்று. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும் என்று கங்கம்மாளுக்குத் தோன்றியது. கண்ணாடிக்குப் பின்னால் இருப்பவர் படித்தவர், பெரிய மனுஷர். அவருக்குக் கட்டாயம் தெரிந்திருக்கும்.

மன்றத் தலைவர் எழுந்து கண்ணாடிக் கதவை ஒரு சாண் திறந்தார். "எப்படி எல்லோருக்கும் இப்படிச் சிவக்கிறது?" என்று கேட்டார். வரிசையின் முனையில், கதவுக்கு நேராக, கங்கம்மாள்தான் இருந்தாள். பெரியவர் கேட்கும்போது பதில் சொல்லாமல் இருப்பது மரியாதை இல்லை.

"சுண்ணாம்பு பட்டா மஞ்சா செவக்குங்க ஐயா. உங்க ஊட்லயும் ஆரத்தி கரைச்சிருப்பாங்க. மேலருந்து கொட்டுதே, இந்தத் தூளுதான் செவக்க வைக்குது. பத்து நிமிஷத்துல மஞ்சாவ இப்டி ஆக்குறது, தெனம் எட்டு மணி நேரம் எங்க தோல இன்னா பண்ணும்? ஒரு கொழா போதுங்க ஐயா. ஒரே ஒரு கொழா."

பேசப் பேச, பாதி காய்ந்த பூச்சு வாயோரத்தில் வெடித்தது. ஒரு துண்டு உதிர்ந்து மடியில் விழுந்தது. தலைவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் புரிந்துவிட்டது என்பது முகத்தில் தெரிந்தது. பிறகு கதவை மூடினார்.

தேநீருக்குப் பின் அவர் பேசினார். "நண்பர்களே, நான் எத்தனையோ ஆலைகளைப் பார்த்திருக்கிறேன். புகையைப் பார்த்திருக்கிறேன், புழுதியைப் பார்த்திருக்கிறேன். இன்றுதான் ஆரத்தியைப் பார்த்தேன். அந்தச் சகோதரி சொன்னாரே, உங்கள் வீட்டிலும் கரைத்திருப்பார்கள் என்று! என் மகள் கல்யாணம் நினைவுக்கு வந்து கண் கலங்கிவிட்டது. பன்னிரண்டு மங்கையர் தங்கள் முகத்தையே ஆரத்தியாக ஏந்தி இந்த ஆலையை வாழ்த்துகிறார்கள் என்றால், இங்கே நலத்துக்கு என்ன குறை?" கேடயம் மேனேஜர் கைக்குப் போனது. எல்லோரும் கைதட்டினார்கள்.

பிறகு பூவராகவன் பட்டியலை வாசித்தார். பதினோரு பெயர் இருந்தது. கிரேசின் பெயர் இருந்தது. கங்கம்மாள் பன்னிரண்டாவதற்காக நின்றாள். அவர் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

"சார், என் பேரு?"

"நீ பேசிட்டியேம்மா" என்றார் பூவராகவன். உண்மையாகவே வருத்தப்பட்டார். "ஏழாவது விதி. எல்லார் முன்னாலயும் விரிசல் விழுந்திடுச்சு. நான் கவனிக்கலேன்னு எழுத முடியுமா? உன் முகம் திட்டத்துக்கு ஒத்துவரலேன்னு எழுதியிருக்கேன். நாளையிலேர்ந்து வர வேண்டாம். புத்தகத்தை நீயே வச்சுக்கோ."

கிரேஸ் ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். அவள் அட்டையில் காய்ந்த நேரம் இன்னும் எழுதப்படவில்லை. பூவராகவன் அவளைத் திரும்பிப் பார்த்தார். கிரேஸ் வாயை மூடிக்கொண்டாள். மூடிய வாயோடு கங்கம்மாளின் கையைப் பிடித்தாள். அவ்வளவுதான் அவளால் முடிந்தது.

கழுவத் தண்ணீர் இல்லாததால் கங்கம்மாள் அந்த முகத்தோடேயே நடந்தாள். எதிரே பெரியபாளையத்துக்குப் போகும் ஆடித் திருவிழா பஸ், பக்தர்களை ஏற்றிக்கொண்டு வந்தது. ஜன்னலில் இருந்த ஒரு பெண் இவளைப் பார்த்து, அம்மன் இறங்கியிருக்கிறாள் என்று நினைத்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். பின்னால் இருந்தவர்களும் கும்பிட்டார்கள். கங்கம்மாளுக்குப் பதிலுக்குக் கும்பிடுவதா வேண்டாமா என்று தெரியவில்லை.

அப்பாவு வாசலில் வலை பிரித்துக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் எழுந்தான். அகன்ற பித்தளைத் தட்டு ஒன்றைக் கொண்டுவந்து வைத்து, குடத்துத் தண்ணீரைக் கையில் மொண்டு மொண்டு அவனே கழுவினான். பூச்சோடு தோலும் சில இடத்தில் வந்தது. தட்டில் தண்ணீர் ரத்தமாக நிறைந்தது.

"பேசிட்டேன்யா" என்றாள் அவள்.

"நல்லா பண்ண."

"வேலெ பூட்ச்சி."

"அது தெரியுது." ஈரத்துணியால் வலது கண்ணை ஒற்றினான். "இத்த தொற. நா தெரியிறனா?"

"பொகையாட்டம் தெரியிற."

செல்வி வந்து அம்மாவின் கன்னத்தில் நாக்கை வைத்துப் பார்த்து, முகத்தைச் சுளித்துக்கொண்டு திரும்பிப் போனாள். அப்பாவு தட்டை இரண்டு கையாலும் தூக்கி, கங்கம்மாள் முகத்துக்கு நேரே மூன்று முறை சுற்றினான். கல்யாணத்தன்று அவள் இந்த வீட்டுப் படி ஏறும்போது சுற்றியது போல. சுற்றிய தண்ணீரை வீட்டு வாசலில் ஊற்றுவதுதான் வழக்கம். அவன் ஊற்றவில்லை. தட்டு தளும்பாமல் ரோட்டில் இறங்கி நடந்தான். வெயில் சாயத் தொடங்கியிருந்தது. இரண்டு மைல் நடந்து, வெண்சங்கு ஆலையின் வாசலில், சுண்ணாம்புக் காரை போட்ட தரையில் முழுவதையும் கொட்டினான். காவலாளி பார்த்துக்கொண்டு நின்றான், தடுக்கவில்லை. ஆரத்தியைத் தடுக்கலாமா என்று அவனுக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை.

மறுநாள் நலப் பிரிவின் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் தொங்கியது. கேடயம் பெற்ற மகிழ்ச்சியில் ஆலை வாசலில் ஆரத்தி ஊற்றி வாழ்த்திய தொழிலாளர் குடும்பத்துக்கு நிர்வாகத்தின் நன்றி என்று அதில் இருந்தது. கீழே சிறிய எழுத்தில், தரையில் கறை நிற்பதால் இனி யாரும் இவ்வாறு வாழ்த்த வேண்டாம், பார்க்க வருகிறவர்கள் தவறாக நினைக்கக்கூடும் என்றும் இருந்தது.

காரையில் ஊறிய மஞ்சள் நாளுக்கு நாள் இன்னும் சிவந்தது. கழுவிவிடும்படி பூவராகவன் மாரியப்பனிடம் சொன்னார். மாரியப்பன் வாளியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய், இடமும் வலமும் பார்த்துவிட்டு, வெறும் வாளியோடு திரும்பி வந்தார். வாசலில் குழாய் இல்லை.